டயோராமாவுக்கு எந்தக் காட்சி? திருகோணமலையில் கரு தேடுபவர்களுக்கு

என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால், டயோராமா (ஒரு காட்சியைப் பலகையில் சிறிய அளவில் மாதிரியாகச் செய்வது) தொடங்குகிறவர்களில் பலர் ஓர் இடத்தின் பெயரைத்தான் சொல்வார்கள்: கோணேசர் கோவில், பிரெட்றிக் கோட்டை, துறைமுகம், கிண்ணியாப் பாலம். இடத்தின் பெயர் மட்டும் கருவாகிவிடாது. அந்த இடத்தின் ஒரு சிறு துண்டு நிலத்தில், ஒரு குறித்த நேரத்தில், யாரோ எதையோ செய்துகொண்டிருக்க வேண்டும். "கோட்டை" என்று மட்டும் எடுத்தால் பலகையை எங்கே தொடங்கி எங்கே முடிப்பதென்றே தெரியாது. "கோட்டைக்குள் மரத்தடியில் நிற்கும் ஓட்டோவின் பின்சீற்றுக்குள் ஒரு மான் தலையை விட்டு எதையோ இழுக்கிறது" என்று எடுத்துப் பாருங்கள். பலகையின் அளவு, எத்தனை உருவம், எந்தப் பக்கமிருந்து பார்ப்பது, எல்லாமே அந்த வசனத்துக்குள் வந்துவிடும்.

ஆகவே முதல் வேலை கொப்பியில்தான். மனதில் இருக்கும் கருக்களில் ஏழெட்டை எழுதுங்கள். ஒவ்வொன்றும் ஒரே வசனமாக, ஒரே வினையோடு இருக்கட்டும். "வலை இழுக்கிறார்கள், மறுபக்கம் மீன் ஏலம் போகிறது, பின்னால் படகு திருத்துகிறார்கள்" என்று நீண்டால் அது மூன்று டயோராமா. ஒன்றைத் தெரிவுசெய்து மற்ற இரண்டையும் அடுத்த முறைக்கு வையுங்கள். மூன்றையும் ஒரே பலகையில் போட்டால் பார்ப்பவரின் கண் எதிலும் தரிக்காது. புதிதாகத் தொடங்குபவர்களின் வேலையில் அதிகம் காணும் குறை இதுதான், செய்நேர்த்தி இதற்குப் பிறகுதான்.

எழுதிய பிறகு கணக்கு. உண்மை நீளத்தை மில்லிமீற்றரில் எழுதி அளவுத்திட்ட எண்ணால் வகுக்க வேண்டும்; 1:72 என்றால் 72 ஆல். கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். 1:72 இல் அது ஐந்தரை மீற்றராகும், வீட்டு விறாந்தையே போதாது. 1:350 இல் 113 செ.மீ., 1:700 இல் 57 செ.மீ. கோணேசர் கோவில் நிற்கும் சுவாமி மலை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 130 மீற்றர். 1:72 இல் ஓர் ஆளை விட உயரமாக, 1.8 மீற்றர் வரும். 1:700 இல் 19 செ.மீ.க்குள் அடங்கும், ஆனால் அந்த அளவில் மனிதன் இரண்டரை மில்லிமீற்றர்கூட இருக்கமாட்டான். அதனால் மலையை முழுதாகக் காட்ட விரும்புபவர் மனிதரை மறந்துவிட்டு, கடலில் இருந்து பார்க்கும் பாறைக்கரையையும் அதன் அடியில் செல்லும் ஒரு கப்பலையும் எடுக்க வேண்டும். மனிதர் வேண்டுமென்றால் அந்த மலையின் பாறைப் பிளவான இராவணன் வெட்டின் விளிம்பில் உள்ள கம்பி வேலியும் அதில் சாய்ந்து கீழே எட்டிப் பார்க்கும் இரண்டு பேரும் போதும். பாறையின் மேல் நான்கு அங்குலத்தைச் செய்தாலே பள்ளத்தின் ஆழம் தெரியும்.

170 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 1:35 இல் 49 மி.மீ., 1:48 இல் 35, 1:72 இல் 24, 1:87 இல் 20. முகபாவமும் கைவேலையும் தெரிய வேண்டிய காட்சிக்கு 1:35. விமானத்துக்கு 1:72 அல்லது 1:48. கப்பலுக்கு 1:700 அல்லது 1:350. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை, ஆனால் ஒரே பலகையில் இரண்டைக் கலக்காதீர்கள். பொம்மைக் கடையில் வாங்கிய 1:43 கார் 1:35 உருவத்துக்குப் பக்கத்தில் நின்றால், கணக்குத் தெரியாதவருக்கும் ஏதோ பிழை என்று பட்டுவிடும்.

முதல் பலகைக்கு ஏ4 தாள் அளவு, அதாவது 21 × 30 செ.மீ., தாராளம். பிரதானப் பொருள் பலகையின் நீளத்தில் பாதிக்கும் மூன்றில் இரண்டுக்கும் இடையில் இருந்தால் அதைச் சுற்றிக் கதை சொல்ல இடம் மிஞ்சும். இரண்டாம் உலகப் போரின் ஹரிக்கேன் போர்விமானம் இறக்கை நுனிக்கு நுனி 12.2 மீற்றர். 1:48 இல் 25 செ.மீ. பிடித்துவிடும், ஏ4 பலகையில் ஆட்களுக்கு இடமில்லை. 1:72 இல் 17 செ.மீ., சற்றுச் சரித்து வைத்தால் அளவாக இருக்கும். 18 அடி பைபர் போட் 1:35 இல் 16 செ.மீ. வரும். ஓட்டோ ஏழரை செ.மீ. புள்ளிமானின் தோள் உயரம் இரண்டரை செ.மீ. ஓட்டோவும் மானும் வரும் காட்சிக்கு 15 × 15 செ.மீ. பலகையே போதும்.

உயரக் கணக்கைத்தான் பலர் போடுவதில்லை. 20 மீற்றர்ப் பனை 1:35 இல் 57 செ.மீ. 15 செ.மீ. பலகையில் அதை நட்டால் பனைக்குத்தான் டயோராமா செய்ததாக இருக்கும், கண்ணாடிப் பெட்டியும் மும்மடங்கு விலையாகும். பனை வேண்டுமென்றால் வடலி வையுங்கள். இரண்டு மீற்றர் வடலி 57 மி.மீ. தான், பச்சை மட்டையும் காவோலையும் சேர்த்தால் ஊரும் தெரிந்துவிடும். தென்னைக்கும் இதே கதை. தறித்த குற்றி, விழுந்த மரம், சட்டத்தின் மேல்விளிம்போடு வெட்டிவிட்ட தண்டு இவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்யலாம்.

அடுத்தது எந்தக் கணம் என்பது. டயோராமாவில் எதுவும் அசையாது. வெடிப்பு, பறப்பு, பாய்ச்சல், தெறிக்கும் தண்ணீர் எல்லாம் பஞ்சும் கம்பியுமாகத்தான் முடியும். நிகழ்வுக்குச் சற்று முன்னதான கணத்தையோ, முடிந்த பின்னதான கணத்தையோ எடுத்தால் அசையாமை காட்சிக்குப் பொருந்திப் போகும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனக்குடா விமானத்தளத்தில் இருந்து பிரித்தானிய விமானப்படையின் 261ஆம் படைப்பிரிவு ஹரிக்கேன்கள் எழுந்து எதிர்த்தன. இதைச் செய்ய விரும்பும் எவரும் முதலில் நினைப்பது கம்பியில் தொங்கும் விமானச் சண்டையைத்தான். அதை விடுங்கள். தரையிறங்கி நிற்கும் ஒரு ஹரிக்கேன், இறக்கையின் துப்பாக்கி மூடிகள் திறந்தபடி, குண்டுப்பட்டி ஏற்றும் இருவர், செட்டையில் சாய்ந்து தொலைவில் எழும் புகையைப் பார்க்கும் விமானி. புகையை நீங்கள் செய்யவே வேண்டாம், விமானியின் பார்வை போதும். ஆனால் அந்தப் பார்வை பலகையின் நீண்ட பக்கத்தைக் கடந்து போகட்டும். மிக அருகிலுள்ள விளிம்பை நோக்கி வைத்தால் பார்ப்பவரின் கண்ணும் அங்கேயே வெளியேறிவிடும்.

அதே நாளில் எண்ணெய்க் குதத்தில் (எண்ணெய்க் களஞ்சியத்தில்) ஒரு தாங்கியும் எரிந்தது. அங்கே மொத்தம் 99 தாங்கிகள். ஒவ்வொன்றும் பத்தாயிரம் தொன் அளவு கொள்ளக்கூடியது, முழுத் தாங்கி 1:72 இல்கூட ஏ4 பலகையில் அடங்காது. இங்கே வழி, வளைவின் ஒரு துண்டை மட்டும் எடுப்பது. பலகையின் பின்பக்கம் முழுவதையும் மறைக்கும் 25 செ.மீ. நீள இரும்புச் சுவர், அதில் கறள், அடியில் முளைத்த பற்றை, முன்னால் ஒற்றையடிப் பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் ஒருவர். சுவர் மேல்விளிம்பில் முடியாமல் சட்டத்துக்கு வெளியே தொடர்வதாக விடுங்கள். முழுதாகக் காட்டாத பொருள்தான் பெரிதாகத் தெரியும். பின்சுவர் இருப்பதால் பார்வைக்கோணமும் ஒன்றாகிவிடுகிறது, பின்பக்க வேலையும் மிச்சம். முதல் முயற்சிக்கு இதைவிடப் பாதுகாப்பான கரு குறைவு.

கப்பல்காரருக்கு: அன்று மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் 183 மீற்றர். 1:700 இல் 26 செ.மீ., அதற்குப் பெட்டி மாதிரியும் (பாகங்களாக வாங்கி ஒட்டும் மாதிரி) உண்டு. மூழ்குவதைக் காட்ட வேண்டாம், துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்பதாக எடுத்தால் தண்ணீரும் எளிது. நன்றாகப் பழகியவருக்குக் கடினமான கரு ஒன்று இருக்கிறது. 1944 ஓகஸ்ட் 8 அன்று இங்கே, கப்பலைத் தண்ணீருக்கு மேல் தூக்கித் திருத்த உதவும் மிதக்கும் கப்பற்கூடம் ஒன்று எச்.எம்.எஸ். வலியன்ற் போர்க்கப்பலைச் சுமந்தபடி உடைந்து தாழ்ந்தது. கப்பல் 1:700 இல் 28 செ.மீ. கூடத்தை நீங்களே பிளாஸ்ரிக் தகட்டில் வெட்ட வேண்டும். உடையும் கணத்தைத் தொடாமல், கப்பலை உள்ளே ஏற்றி முட்டுக்கொடுத்திருக்கும் நிலையில் நிறுத்துங்கள். இரண்டு பக்கச் சுவர்களுக்கு இடையில் அவ்வளவு பெரிய உடல் அடைபட்டு நிற்பதே காட்சி.

போரும் கப்பலும் பிடிக்காதவருக்குக் கடற்கரையே தங்கச் சுரங்கம். ஆனால் கரையில் நின்று இழுக்கும் கரைவலையை முழுதாக எடுக்கக்கூடாது. இருபுறக் கயிறும் நூற்றுக்கணக்கான மீற்றர். 300 மீற்றர்க் கயிறு 1:35 இல் எட்டரை மீற்றர். அதோடு கயிறு இழுக்க இருபது முப்பது பேர் வேண்டும், அத்தனை உருவத்தையும் ஒரே முகமாக இல்லாமல் செய்வது ஆறு மாத வேலை. மீன் சேரும் வலைப்பையான மடி கரையேறிய கணத்தை எடுங்கள். நான்கைந்து பேர் மடியைச் சுற்றிக் குனிந்து நிற்க, குழுத்தலைவரான மண்டாடி கையை நீட்டி ஏதோ சொல்ல, சற்றுத் தள்ளிக் கூடையோடு ஒரு பெண் காத்திருக்க, 20 × 20 செ.மீ.க்குள் முடியும். இதையும்விடச் சிறியது வலை பொத்தும் காட்சி: கவிழ்த்த படகின் நிழலில் ஒருவர் இருந்து, காற்பெருவிரலில் வலையைக் கொளுவி இழுத்துப் பிடித்தபடி பொத்துகிறார். ஒரே ஆள். அந்தக் காற்பெருவிரல் சரியாக வந்தால் கடற்கரையில் வளர்ந்தவர் யாரும் பலகையை விட்டு நகரமாட்டார்.

வலைக்கு நுளம்பு வலைத்துணி. அதன் கண் ஏறத்தாழ 1.2 மி.மீ. என்றால் 1:35 இல் 42 மி.மீ. கண் வலைக்குச் சமம், பொருத்தம்தான். 1:72 இல் அதே துணி 86 மி.மீ. கண்ணாகி மீனெல்லாம் ஓடிவிடும். அங்கே பெண்களின் நைலோன் காலுறைத் துணிதான் சரி. மணலிலும் இந்தக் கணக்குத் தப்பாது. 0.3 மி.மீ. மணல்மணி 1:35 இல் ஒரு சென்ரிமீற்றர்ச் சல்லி. கடற்கரை மணலை அப்படியே ஒட்டினால் சல்லித் தரையாகத்தான் தெரியும். மெல்லிய துணியில் அரித்து வரும் தூளை மட்டும் எடுங்கள். மூன்று தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்த பிறகே ஒட்ட வேண்டும். உப்பு நின்றால் ஈரம் இழுத்து, சில மாதத்தில் வர்ணத்தின் மேல் வெள்ளை பூக்கும். புல்மோட்டைப் பக்கக் கரை என்றால் இல்மனைற் மணலின் கரிய கோடுகளையும் அலைவிளிம்போடு இழுத்துவிடலாம்.

உருவம் கிடைக்குமா என்பதைக் கருவை முடிவெடுக்கும்போதே பாருங்கள். 1:35 இல் கடையில் கிடைப்பவர்களில் அநேகர் ஐரோப்பியப் படைவீரர்கள். சேட்டில்லாமல் சாரம் கட்டிய மீனவரை நீங்களேதான் உருவாக்க வேண்டும். அது பயப்படுமளவுக்கு இல்லை. படைவீரரின் சட்டையையும் சப்பாத்தையும் அராவிவிட்டு, இரண்டு பகுதியையும் சேர்த்துப் பிசையும் எபொக்சிக் களியை உருட்டித் தட்டையாக்கி இடுப்பில் சுற்றினால் சாரம். மடித்துக்கட்டு வேண்டுமென்றால் களி இறுக முன் ஊசிமுனையால் மடிப்பு. சாரம் தொடையை மறைப்பதால் கால் நிலையில் உள்ள பிழையும் மறைந்துவிடும். சேலை அப்படியல்ல. கொய்சகமும் தலைப்பும் மிகக் கடினம், முதல் காட்சியில் சேலை கட்டிய பெண் ஒருவருக்கு மேல் வேண்டாம். மானிலும் கவனம்: பெட்டியில் வரும் ஐரோப்பியச் செம்மான் உடல் பெரிது, கொம்பின் கிளையும் வேறு. நம்முடைய புள்ளிமானின் ஒவ்வொரு கொம்பிலும் பொதுவாக மூன்று முனை. பெண்மானாகத் தெரிவுசெய்தால் கொம்புப் பிரச்சினையே இல்லை.

ரயிலை எடுப்பவருக்கு ஒரு எச்சரிக்கை. இலங்கைப் பாதையின் அகலம் 1676 மி.மீ. கடையில் விற்கும் 16.5 மி.மீ. தண்டவாளம் 1:87 இல் 1435 மி.மீ. பாதைக்கானது. நம்முடைய பாதை 1:87 இல் 19.3 மி.மீ., 1:76 இல் 22 மி.மீ. வர வேண்டும். 1:76 இல் ஐந்தரை மில்லிமீற்றர் குறைந்த பாதையில் நிற்கும் பெட்டி, குறுகிய பாதை ரயில் போலத் தெரியும். தண்டவாளத்தைக் கட்டையிலிருந்து கழற்றிப் புதிதாக அகலம் வைத்து ஒட்டலாம், சக்கரத்தையும் விலக்க வேண்டிவரும். அல்லது பாதை பக்கவாட்டில் மட்டும் தெரியும் காட்சியை எடுங்கள்: மேடையின் விளிம்பு, அதில் பயணப்பையோடு குந்தியிருக்கும் குடும்பம், பின்னால் ஒரு பெட்டியின் கதவு மட்டும்.

தண்ணீர் எவ்வளவு என்பதிலும் அளவு வேண்டும். கப்பல் அல்லாத காட்சியில் கடல் பலகையின் மூன்றில் ஒன்றுக்கு மேல் போனால் வெறுமையாகத் தெரியும். 15 × 10 செ.மீ. பரப்பில் 1 செ.மீ. ஆழத்துக்கு 150 மி.லீ. ரெசின் (ஊற்றினால் தெளிவாக இறுகும் திரவம்) போகும். ஒரே தடவையில் ஊற்றினால் சூடேறி அடியிலுள்ள வெண்நுரைப் பலகையான ரெஜிபோமை உருக்கும். 3 மி.மீ. படலங்களாக, ஒன்று இறுகிய பின் ஒன்றாக ஊற்ற வேண்டும். ஆழமான உள்துறைமுகத்துக்கு ரெசினே தேவையில்லை: அடித்தளத்தைக் கரும்பச்சை நீலத்தில் பூசி, வெள்ளைப் பசையான பைண்டர் கம்மில் நனைத்த மெல்லிய கடதாசியால் அலை எழுப்பி, மேலே மினுங்கும் வார்னிஷ் மூன்று பூச்சு. அடி தெரிய வேண்டிய புறாமலைத் தீவின் கரை போன்ற ஆழமற்ற நீருக்குத்தான் ரெசின். அதையும் வாடைக்காலத்தில், நவம்பர் முதல் ஜனவரி வரையான மழை நாட்களில் ஊற்றாதீர்கள். காற்றின் ஈரத்தில் மேற்பரப்பு பால்போல் மங்கிவிடும். ஸ்பிறே வர்ணமும் அப்படியே வெளுக்கும். கச்சான் வீசும் மாதங்களில் ஈரப் பிரச்சினை குறைவு, தூசி அதிகம். ஊற்றியவுடன் ஒரு பெட்டியால் மூடிவிடுங்கள்.

காலம் கலக்காமல் பாருங்கள். 1942 காட்சியில் பைபர் போட், நீல பிளாஸ்ரிக் பரல், நைலோன் வலை, பிளாஸ்ரிக் கதிரை எதுவும் வரக்கூடாது. பருத்தி நூல் வலை, தென்னந்தும்புக் கயிறு, கிடுகு வேலி வரலாம். இன்றைய காட்சியென்றால் மறுபக்கம்: மின்கம்பி, தொலைபேசிக் கோபுரம், விளம்பரம், காலி சோடாப் போத்தல் இல்லாத வீதி நம்பும்படி இராது.

மூன்று பக்கத்திலிருந்தாவது படம் கிடைக்காத கருவைத் தள்ளி வையுங்கள். முன்பக்கப் படம் ஒன்றை மட்டும் நம்பித் தொடங்கினால் பக்கச்சுவரைச் செய்யும் நாளில் வேலை நிற்கும். படம் எடுக்கக்கூடிய இடமா என்பதும் முக்கியம். கடற்படைத் தளம், விமானப்படைத் தளம், எண்ணெய்க் குதப் பகுதி இவற்றில் அனுமதியில்லாமல் கமராவைத் தூக்கக்கூடாது. அந்தக் கருக்களுக்கு வெளிவந்த பழைய படங்களையே நம்பியிருங்கள். கடற்கரை, கன்னியா வெந்நீரூற்று, சந்தை, மணிக்கூட்டுக் கோபுரச் சந்தி போன்றவை எளிது. நிற்கும் ஆள் ஒருவர் சட்டகத்துக்குள் வரும்படி எடுத்தால் அளவுகோல் தேவையில்லை.

ஊரின் அண்மைக்காலத் துயரங்களை எடுக்க எண்ணினால் ஒரு சொல். 2004 டிசம்பர் 26ஐ உடம்பில் சுமப்பவர்கள் உங்கள் பலகையைப் பார்க்கக்கூடும். போரையும் அப்படித்தான். உடல்களையும் அலையையும் செய்யாதீர்கள். மதிலில் ஏறிக் கிடக்கும் படகும் அதன் அருகில் ஆளில்லாத ஒரு சோடிச் செருப்பும் போதும், சொல்ல வேண்டியதை விட அதிகமாகவே சொல்லும்.

இவ்வளவும் தாண்டி நிற்கும் இரண்டு மூன்று கருவை மாதிரி வைத்துப் பாருங்கள். காட்போட் பெட்டியை வெட்டிப் படகு, சுவர், வாகனம் எல்லாவற்றையும் சரியான அளவில் கட்டைகளாகச் செய்து, உருவங்களுக்குப் பதில் உயரம் அளந்து வெட்டிய நெருப்புக்குச்சிகளைக் களிமண்ணில் குத்தி, வெட்டப்போகும் பலகையின் அளவுக் கடதாசியில் அடுக்குங்கள். பிரதானப் பொருளை விளிம்புக்குச் சமாந்தரமாக வைக்காமல் 10 முதல் 15 பாகை திருப்புங்கள், நடுமையத்திலிருந்தும் சற்று விலக்குங்கள். கைப்பேசியை உருவத்தின் கண்மட்டத்துக்கு இறக்கிப் படமெடுத்தால், மேலிருந்து பார்க்கும்போது தெரியாத வெற்றிடமும் மறைப்பும் தெரியும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்தாலும் அந்த ஒற்றை வசனம் மாறவில்லையோ, அது தேவையில்லாதது. பரலும் கூடையும் நாயும் இந்தச் சோதனையில்தான் போகும், நாய் போவது கொஞ்சம் வருத்தம்தான்.

மாதிரியை இரண்டு நாள் மேசையிலேயே விடுங்கள். வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல், என்ன நடக்கிறது என்று கேளுங்கள். நெருப்புக்குச்சிகளைப் பார்த்தே "வலை பொத்துறாங்கள்" என்று சொன்னால் கரு நிற்கும். "இது என்ன, கடற்கரையா?" என்றால் உருவங்களை நெருக்கித் திரும்ப அடுக்க வேண்டும். அடுக்கு முடிவானபின் ஒவ்வொரு பொருளையும் சுற்றிக் கடதாசியில் கோடு போட்டு, அந்தக் கடதாசியையே அச்சாக வைத்துப் பலகையை வெட்டுங்கள். சட்டம் அடிக்க நாலா பக்கமும் ஒரு சென்ரிமீற்றர் கூட்டிக்கொள்ளுங்கள்.